கிராமபோன், பிளேட்டு, ஊசி: மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவம் சொல்லுங்கள் (வடஆற்காடு பக்கம்)

காட்பாடி கிழக்கு:

நானே ஆரம்பிக்கிறேன். யாரிடமாவது சொன்னால்தான் தீரும் போலிருக்கிறது.

குடியாத்தத்தில் ஒரு நெசவுக்காரர் வீடு. தறியை விற்றாயிற்று, பரணையும் காலி செய்கிறார்கள், பிளேட்டு கிடக்கிறது என்று தெரிந்தவர் சொல்லிப் போனேன். லுங்கி மூட்டை கட்டும் சாக்கில் இருபத்தெட்டு பிளேட்டு. பெரும்பாலும் பல பிளேட்டாக வந்த நாடக செட்டில் உதிர்ந்தவை, காமிக் (சிரிப்புப் பேச்சு), பஜனை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று கனமாகத் தட்டுப்பட்டது. ஒரு பக்கம்தான் பாட்டு. திருப்பினால் தேவதை முத்திரை, ரொம்பப் பழைய பிளேட்டின் அடையாளம். லேபிளில் எழுத்து முழுக்கத் தேய்ந்திருந்தது. எனக்குக் கை எப்படி ஆடியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த வீட்டு ஆயாவுக்கு எண்பத்தைந்து வயதிருக்கும். "போட்டுக் காட்டு கண்ணு, முடிவுல அவ பேரைச் சொல்லுவா பாரு" என்றார். கையோடு கொண்டுபோன 102-ஐ (எச்.எம்.வி.யின் சூட்கேஸ் மாதிரி கிராமபோன்) திண்ணையில் வைத்து, சாவி கொடுத்து, புது ஊசி போட்டு வைத்தேன். ஒரு அம்மாள் பாடுகிறார், மூக்கில் பிடித்தாற்போல, பின்னால் பிடில். ஆயா தூணைப் பிடித்துக்கொண்டு உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

நடுத்துளையிலிருந்து மயிரிழை போல ஒரு விரிசல் கிளம்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன். ஊசி அதை நெருங்குகிறது. டொக், டொக். சட்டென்று ஊசியைத் தூக்கிவிட்டேன்.

"இன்னும் பேரு சொல்லலியே?"

"உடைஞ்சிடும் ஆயா."

பணம் கொடுத்து முடித்தாகிவிட்டது, பிளேட்டு என்னுடையது, அதனால்தான் தூக்கினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். அவ்வளவுதான் சம்பவம்.

ஆரணி 102:

அந்த விரிசல் ஒரு தடவை ஓட்டினால் உடையாது. பிளேட்டு சுழலும்போது ஊசி விரிசலைத் தாண்டித்தான் போகும், பிளக்காது. பிளேட்டைக் கையில் எடுக்கும்போதுதான் உடையும். நீங்கள் தூக்கியது வீண் பயம்.

இன்னொன்று. பேர் சொல்லும் வழக்கம் சும்மா வந்ததில்லை. 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவாளர் ஃபிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவுக்கு வந்து பதிவு செய்தபோது பாடகி கௌஹர் ஜான் பாட்டு முடிந்ததும் "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று இங்கிலீஷில் சொல்லுவார். மெழுகில் பதிந்தது கப்பலேறி ஜெர்மனியில் ஹானோவருக்குப் போய், அங்கேதான் தட்டாக அழுத்தினார்கள். லேபிள் ஒட்டுகிறவனுக்கு யார் பாடினார் என்று தெரிய வேண்டாமா? 1908-இல் கல்கத்தா சியால்தாவிலேயே ஆலை வந்துவிட்டது. உங்களுடையது ஒருபக்கத் தட்டு என்றால் பெரும்பாலும் ஹானோவர் சரக்கு.

அப்புறம் 102-இல் 78 வேகத்தில் (நிமிஷத்துக்கு 78 சுற்று) ஓட்டினீர்களா? அந்தக் காலத் தட்டெல்லாம் சரியாக 78 கிடையாது, எழுபதுக்குக் கொஞ்சம் மேலேயே நிறைய உண்டு. மூக்கில் பாடியது அந்த அம்மாள் குற்றமில்லை. வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.

என் சம்பவம் சின்னது. ஆரணியில் ஒரு பட்டுக் கடைக்காரர் வீட்டில் மெஷின் பார்க்கப் போய், நாற்பது வருஷம் முழுச் சாவியோடு பூட்டி வைத்ததை நான் திறந்து பிரேக்கைத் தளர்த்த, உள்ளே ஸ்பிரிங் அறுந்து டமார் என்று ஒரு சத்தம். தொட்டிலில் தூங்கிய குழந்தை அலறியது. "பிசாசு இருக்குன்னு எங்கம்மா அப்பவே சொன்னா" என்று அந்த வீட்டுக்காரம்மா மெஷினை எனக்குச் சும்மாவே கொடுத்துவிட்டார்.

தச்சன் மகன்:

நான் செய்த பாவம் இதைவிடப் பெரிது. எங்கள் தாத்தா சத்துவாச்சாரியில் பர்னிச்சருக்கு பிரெஞ்சு பாலிஷ் போடுகிறவர். அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, துணியில் தொட்டுத் தேய்ப்பது. அது எனக்குத் தெரியும். பிளேட்டு அரக்கில் செய்தது என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்க மூளைதான் இல்லை.

தாத்தாவின் பிளேட்டு ஒன்று பூஞ்சணம் பிடித்திருந்தது. பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து, லேபிள் ஓரத்திலிருந்து அழுத்தி ஒரு சுற்று. பஞ்சு கறுப்பானது. அழுக்கு எப்படிப் போகிறது பார் என்று சந்தோஷமாக இன்னொரு சுற்று. மூன்றாவது சுற்றில் விரல் ஒட்டியது. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கோடுகளே இல்லை, மேசைப் பலகை மாதிரி பளபளவென்று என் முகம் தெரிகிறது. தாத்தா வந்து பார்த்தார். "பாலிஷ் நல்லா ஏறியிருக்குது" என்றார். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை.

மைக்செட் பையன் (இப்போது 73 வயது):

நீங்களெல்லாம் சேர்க்கிறவர்கள். நான் கூலிக்கு பிளேட்டு மாற்றியவன். 1966, போளூர் பக்கம், எனக்குப் பதினாலு வயது. சாவி கொடுக்கிற மெஷின், அதில் பிக்கப் (ஊசியின் அதிர்வை மின்சாரமாக்குவது) மாட்டி, பேட்டரியில் ஆம்ப்ளிஃபயர், புளியமரத்தில் இரண்டு குழாய். பிளேட்டு ஒரு பக்கம் மூன்று நிமிஷம்தான் ஓடும். ராத்திரி முழுக்க மூன்று நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்க வேண்டும். தூங்கிப்போனால் கடைசிக் கோட்டில் ஊசி நின்று ஊருக்கே கர்ர்ர் கர்ர்ர் என்று கேட்கும், முதலாளி முதுகில் வைப்பார்.

ஒரு சாவு வீடு. பெட்ரோமாக்ஸ் தூரத்தில் இருந்தது. லேபிள் எல்லாம் சிவப்பு, கையில் வந்ததை எடுத்து வைத்தேன். ஒப்பாரி மாதிரி ஏதாவது வரும் என்று பார்த்தால் காமிக் பிளேட்டு. புருஷன் பெண்டாட்டி சண்டை! குழாயில் நாலு ஊருக்குக் கேட்கிறது. முதலாளி பாய்ந்து வருகிறார். பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா கையைத் தூக்கி, "வுடு, அது ஓடட்டும். அந்தாளுக்கு இதான் புடிக்கும்" என்றார். முழுக்க ஓடியது. ஒருத்தர் அழவில்லை, ஒருத்தர் சிரிக்கவும் இல்லை. முடிந்ததும் மறுபக்கம் போடவா என்று கேட்க வாய் வரவில்லை. முக்கால் ரூபாய் கூலியில் கால் ரூபாய் பிடித்துக்கொண்டார்கள்.

நாய்மார்க் நேசன்:

எல்லோரும் அனுபவம் எழுதுகிறீர்கள். எனக்கும் ஒன்று உண்டு: வாலாஜாப்பேட்டையில் பரணில் அடுக்கியிருந்த அறுபது பிளேட்டு கத்திரி வெயிலில் வளைந்து கிண்ணமாகிக் கிடந்ததைப் பார்த்து அழுதேன். இனி யாரும் அழ வேண்டாம் என்பதால் எழுதுகிறேன்.

இரும்பு ஊசி ஒரு பக்கத்துக்கு ஒன்று. நூறு தடவை சொல்லியாயிற்று. அந்த ஊசி முனையைத் தட்டிலுள்ள கல்பொடியே தேய்த்துக் கோட்டின் வடிவத்துக்குக் கொண்டுவரும், அதற்காகவும்தான் பொடியைக் கலந்தார்கள். இரண்டாம் தடவை அதே ஊசியைப் போட்டால் அது உளி. சின்ன டப்பாவில் இருநூறு ஊசி வரும், கஞ்சத்தனம் எதற்கு? ஊசியைத் திருப்பிப் போட்டால் புதுசாகிவிடும் என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். அப்படித் திருப்பக் கூடாது.

எல்பி தட்டை (பின்னால் வந்த வினைல் தட்டு) இதில் ஓட்டவே கூடாது. ஒரே ஓட்டத்தில் உழுதுவிடும். கழுவ வெதுவெதுப்பான தண்ணீரும் ஒரு சொட்டு சோப்பும் போதும், லேபிள் நனையாமல். ஸ்பிரிட் விஷயம் தச்சன் மகனே சொல்லிவிட்டார். படுக்கப் போட்டு அடுக்காதீர்கள், சாய்த்தும் வைக்காதீர்கள், நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். வேலூர் வெயிலுக்கு மொட்டைமாடிக்குக் கீழ் அறை உதவவே உதவாது, கீழ்வீட்டில் வடக்குச் சுவர் ஓரம் வையுங்கள். வளைந்ததை இரண்டு கண்ணாடிப் பலகைக்கு நடுவில் வைத்து, காலை வெயிலில் பக்கத்திலேயே உட்கார்ந்து, தானாகத் தட்டையாக ஆகும்வரை காத்திருந்து, பிறகு நிழலில் அப்படியே ஆறவிட வேண்டும். அடுப்பில் காட்டுகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. மெஷினை வைக்கும்போது சாவியை முழுக்க இறக்கிவிட்டு வையுங்கள், ஆரணிக்காரர் கதை அதுதான்.

பேரணாம்பட்டு:

நேசன் சார், உங்கள் அழுகை ஒரு வரி, உபதேசம் ஒரு பக்கம். யாரும் கேட்கவில்லையே.

நான் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். எங்கள் நானா (அம்மாவின் அப்பா) வைத்துவிட்டுப் போன மெஷினில் கவ்வாலி தட்டுகள் ஓட்டினால், அலை மாதிரி குரல் ஏறி இறங்கும். பழைய பாடகர்கள் அப்படித்தான் பாடுவார்கள் என்று இரண்டு வருஷம் ரசித்தேன்! பிறகு திறந்து பார்த்தால் வேகத்தைக் கட்டுப்படுத்துகிற கவர்னர் வட்டில் உரசுகிற தோல் பொட்டு காய்ந்து கருங்கல்லாகியிருந்தது. ஷூ மேல்தோல் வெட்டியதில் விழுந்த துணுக்கு ஒன்றை எண்ணெயில் ஊறவைத்து மாட்டினேன். குரல் நேரானது. உண்மையைச் சொன்னால், பழைய அலைதான் எனக்குப் பிடித்திருந்தது.

கோட்டைவெளி:

பித்தளைப் புனல், எட்டுப்பட்டைப் பெட்டி, நாய் படம் பொறித்த தகடு. பதினெட்டாயிரம் கொடுத்தேன். உள்ளே சூட்கேஸ் மெஷினின் மோட்டார், புனல் போன வருஷத்துப் புனல். தகட்டில் நாய்க்கு மூன்று கால்தான் இருந்தது, அதைக்கூட எண்ணிப் பார்க்காமல் வாங்கினேன். இதற்குமேல் எழுத வெட்கமாயிருக்கிறது.

காட்பாடி கிழக்கு:

ஆரணிக்காரர் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்ததால் ஞாயிற்றுக்கிழமை குடியாத்தம் போய் வந்தேன். மெஷின் வண்டியின் முன்னால், பிளேட்டு என் மார்போடு துணியில் கட்டி. ஆயா இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். திண்ணையில் வைத்து, வேகத்தை இறக்கி ஓட்டினேன். மூக்குக் குரல் போய்விட்டது, கனமான குரல், ஆரணிக்காரருக்கு ஒரு கும்பிடு. விரிசல் வந்தது. டொக், டொக், டொக், எண்ணிக்கொண்டே இருந்தேன், பதினெட்டு. பாட்டு முடிந்தது. ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு அந்த அம்மாள் அவசர அவசரமாகத் தன் பேரைச் சொன்னார். பேரில் பாதி டொக்கில் போய்விட்டது.

ஆயா காதைப் பெட்டி பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"இவ இல்ல கண்ணு. நான் சொன்ன பிளேட்டு எங்க அக்கா வூட்டுக்குப் போச்சி. பள்ளிகொண்டா."

பள்ளிகொண்டாவில் யாராவது இருக்கிறீர்களா?