குடும்ப குரூப்: நாளைக்கு வர்ற எரு லோடு

சித்தப்பா: நாளைக்கு காலைல ஒரு லோடு மாட்டு எரு வருது. மேக்கால காட்டுலயே இறக்கிடச் சொல்லவா? கேரட் பீட்ரூட் அங்கதான போடப்போறோம். டிராக்டர்காரர் போன் மேல போன் போடறார், இப்பவே சொல்லுங்க

அப்பா: இறக்கு

பெரியப்பா: மக்குனதா பச்சையா

சித்தப்பா: எருதானண்ணே. மண்ணுல கெடந்து மக்கிரும்

அத்தை: தம்பி அவசரப்படாத. அந்தக் குவியல்ல ஒரு கடப்பாரையை அடிவரைக்கும் சொருகி, கொஞ்ச நேரம் விட்டு உருவித் தொட்டுப் பாரு. சுட்டா உள்ள இன்னும் வெந்துக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். மக்குன எரு கருப்பா பொலபொலன்னு இருக்கும், சாணி வாடை அடிக்காது, வைக்கோல் எது சாணி எதுன்னு பிரிச்சே பாக்க முடியாது. பச்சையா இருந்தா கேரட் பாத்தி பக்கமே கொண்டு போகாதீங்க

சித்தி: அண்ணி போன தடவை கேரட் 😀
[போட்டோ]

குட்டி: பேன்ட் போட்ட கேரட் 😂😂

நான்: அதுக்கு மூணு கால் குட்டி, நல்லா பாரு

அப்பா: அது கல்லால வந்தது. கல்லு பொறுக்கறேன்னு சொன்னவங்க பொறுக்கலை

சித்தப்பா: அதை இப்ப எதுக்குண்ணே இழுக்கறீங்க. நான் ஒருத்தன் மட்டுமா பொறுக்கணும்

அத்தை: கல்லும் காரணம் எருவும் காரணம் சின்னண்ணே. கேரட் வேர் நேரா கீழ இறங்கறப்ப நுனி கல்லுல முட்டினாலும் பிரியும், பச்சை எருவுல பட்டுக் கருகினாலும் பிரியும். அதோட தழைச்சத்து, அதான் நைட்ரஜன், கூடிப்போச்சுன்னா மேல இலை மட்டும் கொழுகொழுன்னு நிக்கும், கீழ விரல் தண்டிதான் இருக்கும், அதுலயும் சுத்தி மயிரு மயிரா பக்கவேர்

பெரியப்பா: 👍

குட்டி: [ஃபார்வர்ட்] உஷார்!! உரம் போட்டு விளைஞ்ச கிழங்கு முழுக்க விஷம். எரு மட்டும் போட்டதையே வாங்கவும். அனைவருக்கும் பகிரவும்

சித்தி: ஐயோ நிஜமாவா

பெரியப்பா: குட்டி எங்கடா பொறுக்கற இதெல்லாம்

அத்தை: இதை நம்பாதீங்க. எருவுல இருக்கற தழைச்சத்தும் மண்ணுல நுண்ணுயிர் சிதைச்சு அமோனியம், நைட்ரேட்டா மாறினாத்தான் வேர் எடுக்கும், யூரியாவும் அப்படித்தான், வேருக்கு அது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரியாது. அளவு மீறினா ரெண்டுமே கெடுதல், பீட்ரூட் முள்ளங்கி எல்லாம் நைட்ரேட்டை உள்ள சேத்து வச்சுக்கற பயிரு. பச்சை எருவுல கிருமி வேற இருக்கும், கிழங்கு மண்ணுக்குள்ளயே கெடக்கறது. அமெரிக்காவுல இயற்கை விவசாயத்துக்கு விதியே இருக்கு, மண்ணைத் தொடற பயிருன்னா பச்சை எருவை அறுவடைக்கு 120 நாள் முன்னாடியே மண்ணுல கலந்துடணும்

சித்தப்பா: அப்ப எரு வேண்டாம் உரம் மட்டும் போடுவோம். வேலை மிச்சம்

அத்தை: அதுவும் சரியில்ல தம்பி. இங்கிலாந்துல ராத்தம்ஸ்டெட்னு ஒரு ஆராய்ச்சிப் பண்ணை, லாஸ், கில்பர்ட்னு ரெண்டு பேரு 1843ல ஆரம்பிச்சது. பார்ன்ஃபீல்டுன்னு ஒரு காட்டை கிழங்குக்குன்னே ஒதுக்கினாங்க. முதல்ல டர்னிப், அப்புறம் 1876ல இருந்து 1959 வரைக்கும் மேங்கோல்டுன்னு மாட்டுத்தீவனக் கிழங்கு, நம்ம பீட்ரூட்டுக்குப் பங்காளி. ஒரு பக்கம் ஹெக்டேருக்கு 35 டன் எரு, ஒரு பக்கம் வெறும் உரம், ஒரு பக்கம் எருவும் தழைச்சத்து உரமும். எருவும் தழைச்சத்து உரமும் சேந்த பக்கம்தான் கிழங்கு அதிகம். அதே பண்ணையில கோதுமைக்கு உரம் மட்டும் போட்டே எரு அளவுக்கு எடுத்துட்டாங்க. கிழங்குக்கு மண்ணு பொதபொதன்னு இருக்கணும், அதை மூட்டை உரம் குடுக்காது, எருதான் குடுக்கும்

நான்: அத்தை நீங்க போன்லயே ஒரு புக்கு எழுதிட்டீங்க ❤️

அப்பா: எவ்வளவு போடணும் அதைச் சொல்லு

அத்தை: மண் டெஸ்ட் பாக்காம மூட்டைக் கணக்கு சொல்லமாட்டேன். ஒன்னு தெரிஞ்சுக்கோங்க, நல்லா மக்குன எரு ஒரு டன்னுல தழைச்சத்து சுமாரா 5 கிலோதான், அதுவும் ஒரே போகத்துல மொத்தமா கிடைக்காது. யூரியாவுல 100 கிலோவுக்கு 46 கிலோ. எருவை சத்துக்காக மட்டும் போடறதில்ல. மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரம் மொத்தமும் விதைக்கறதுக்கு முன்னாடியே அடியுரமா, விதை மேல படாம. யூரியாவைப் பிரிச்சுப் போடுங்க, கிழங்கு பெருக்கறப்ப கொண்டு போகாதீங்க. இலையில செய்யற சர்க்கரை கீழ இறங்கறதுக்கு பொட்டாஷ் வேணும், அதுல கை சுருக்காதீங்க

பெரியப்பா: அம்மா அடுப்புச் சாம்பல் போடுவாங்க

அத்தை: அதுவும் பொட்டாஷ்தான் பெரியண்ணே, நல்லது. ஆனா யூரியாவோடயும் சாணியோடயும் கலந்து வைக்காதீங்க, தழைச்சத்து அமோனியாவா பறந்துரும்

சித்தி: பீட்ரூட் வெட்டினா உள்ள கருப்பு கருப்பா இருந்துச்சே அது

அத்தை: மண்ணுல போரான்னு ஒரு நுண்சத்து குறைஞ்சா அப்படி வரும். அதுக்குப் போடற போராக்ஸ் ரொம்பக் கொஞ்சம் போதும். கூடிட்டா அடுத்து போடற பீன்ஸ் கருகிடும், டெஸ்ட் பாத்துட்டுப் போடுங்க

குட்டி: யாராச்சும் என் சார்ஜரைப் பாத்தீங்களா

சித்தப்பா: எல்லாரும் போன்லயே விவசாயம் பண்றீங்க. வெயில்ல நிக்கறது நான்

அத்தை: தெரியும்டா. எனக்குப் பங்கு இல்லாத காடுன்னு நினைச்சு நான் பேசல, அந்த மண்ணுலதான் நானும் வளந்தேன்

பெரியப்பா: இப்ப யாரு அதைச் சொன்னா

சித்தப்பா: அக்கா நான் அப்படிச் சொல்லல. சரி, பச்சையா இருந்தா கிணத்து மேட்டுல குவிச்சு தார்ப்பாய் போட்டு மூடி வச்சிடறேன். கேரட்டுக்கு பழைய குழியில மக்கிக் கெடக்கறதை அள்ளிக்கலாம்

அப்பா: பத்தாது அது

சித்தப்பா: அப்ப கேரட்டை பாதியாக் குறைச்சுக்கலாம்

பெரியப்பா: குறைக்க வேண்டாம். விதை வாங்கியாச்சு. ஞாயித்துக்கிழமை வர்றேன் பேசிக்கலாம்

அத்தை: குழி எருவை நல்லா சலிச்சுப் போடுங்க, கட்டி இருக்கக்கூடாது. மண் டெஸ்ட் பேப்பர் யாருகிட்ட இருக்கு?

அப்பா: பீரோல

சித்தி: எந்த வீட்டு பீரோ