ஊரை விட்டுப் போகிறவரிடம் வண்டி வாங்கிய அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்

அஸ்தம்பட்டி பத்மினி:

ஆறு மாதமாக ஒரு விஷயம் மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. வீட்டில் சொன்னால் புரியாது, அதனால் இங்கே எழுதுகிறேன். இரண்டு வருடம் முன்னால் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் ஒருவர் ஏழு வண்டிகளை விற்கிறார் என்று பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்காரர் ஒருவர் சொன்னார். கனடாவில் வேலை, குடும்பத்தோடு போகிறார். நான் போவதற்குள் கான்டெசாவும் ஜீப்பும் போய்விட்டன, அவை நின்ற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. நான் கேட்டது பிரீமியர் பத்மினி கார், 94 மாடல், சேலம் நம்பர்.

விலையை விடுங்கள். "ஏற்காடு ஒரு தடவை போய்ட்டு வந்து முடிவு பண்ணுங்க தம்பி" என்று அவரே ஓட்டினார். ஸ்டீரிங் பக்கத்திலேயே இருக்கிற கியரை இரண்டே விரலால் தள்ளுகிறார், ஒரு சத்தம் இல்லை. 13-வது வளைவு போர்டு வந்ததும் ஓரம் கட்டினார். வண்டி நன்றாகத்தான் ஏறிக்கொண்டிருந்தது, எதற்கு நிறுத்துகிறார் என்று எனக்குப் புரியவில்லை. பானெட்டைத் திறந்தார், சீட்டுக்கு அடியிலிருந்து பழைய பனியன் துணி ஒன்றை எடுத்து நனைத்து பெட்ரோல் பம்ப் மேல் சுற்றினார். "இதுக்கு இங்க தாகம் எடுக்கும். நின்னதுக்கப்புறம் குடுத்தா கோவிச்சுக்கும், முன்னாடியே குடுத்துடணும்." கீழே சேலம் முழுக்கத் தெரிகிறது, அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை, அந்த ஈரத்துணியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சாவி கொடுக்கும்போது ஒன்றே ஒன்று கேட்டார். மாதம் ஒரு முறை, காலையில் முதல் ஸ்டார்ட் பண்ணும் சத்தத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். அனுப்பினேன். மூன்றாவது மாதம் "டேப்பட் ஒண்ணு லூஸ் ஆகுது, பாத்துக்கோங்க" என்று பதில் வந்தது, திறந்து பார்த்தால், இன்ஜினில் வால்வைத் தள்ளும் டேப்பட் ஒன்று அவர் சொன்னபடியே லூஸாக இருந்தது. அப்புறம் அம்மாவுக்கு ஆபரேஷன், பணம் தேவைப்பட்டது, பத்மினியை ஆத்தூர்க்காரர் ஒருவருக்குக் கொடுத்துவிட்டேன். கனடா போனவரிடம் சொல்ல வாய் வரவில்லை. முதல் தேதியானால் "வண்டி எப்படி இருக்கு தம்பி" என்று மெசேஜ் வரும். பழைய ரெக்கார்டிங்கையே இரண்டு தடவை அனுப்பினேன். இரண்டாவது தடவை அவர் பதில் போடவில்லை. அதற்கப்புறம் கேட்கவும் இல்லை.

குகை ஹெரால்டு:

நானும் வாங்கியிருக்கிறேன். ஓமனுக்கு வேலைக்குப் போன ஒருவரிடம் ஸ்டாண்டர்டு ஹெரால்டு, நம் சென்னையில் தயாரான வண்டி. அதில் பானெட் என்றால் முன்பக்கம் முழுக்க, மட்கார்டு, லைட் எல்லாம் சேர்ந்து முன்னால் கவிழும். நான் எடுக்கப் போன அன்று அப்படித் திறந்து வைத்திருந்தார், அவருடைய பெண் குழந்தை, ஒன்றாவதோ இரண்டாவதோ படிக்கும், முன் டயர் மேல் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதிக்கொண்டிருந்தது. "இறங்கு கண்ணு, மாமா வண்டி எடுக்கணும்" என்றார். அது பென்சிலை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தது. அவ்வளவுதான் என் கதை.

ஆனால் பத்மினி நண்பரே, நீங்கள் ஆர்சி, அதாவது பதிவுச் சான்றை, உங்கள் பெயருக்கு மாற்றினீர்களா, ஆத்தூர்க்காரர் மாற்றினாரா? அதைச் சொல்லவே இல்லையே. நான் அந்த விஷயத்தில் ஒன்றரை வருடம் அலைந்தேன். அவர் கிளம்பும் அவசரத்தில் பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார், நானும் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டேன். அப்புறம் ஆன்லைனில் போட்டால் ஓடிபி அவருடைய பழைய இந்திய நம்பருக்குப் போகிறது. அந்த நம்பர் ரீசார்ஜ் இல்லாமல் செத்துப்போய் வேறு யாருக்கோ போய்விட்டது. வெளிநாடு போகிறவரிடம் வாங்குகிறவர்கள் தயவுசெய்து கேளுங்கள், அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள், "போய்ட்டு அனுப்பறேன்" என்ற பேச்சே வேண்டாம். ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்றவர் 14 நாளில் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். லோன் முடித்த வண்டியாக இருந்தால் வங்கி கொடுக்கிற என்ஓசியும் (தடையில்லாச் சான்று), லோன் பதிவை ஆர்சியிலிருந்து நீக்குகிற படிவம் 35-ம் கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்ஷூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். விற்கிறவர்களுக்கும் இது பொருந்தும். விபத்து நடந்தால் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, கைமாறிக் கைமாறிப் போயிருந்தாலும் சரி. நீங்கள் எங்கேயோ பனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருப்பீர்கள், இங்கே உங்கள் பெயருக்கு நோட்டீஸ் வரும். பழைய வண்டிக்கு 15 வருடத்துக்கு அப்புறம் புதுப்பிக்கிற கட்டணம் 600 ரூபாயாக இருந்தது, 2022 ஏப்ரலில் 5,000 ஆனது, 20 வருடம் தாண்டிய காருக்கு 2025-ல் 10,000 ஆனது, விலை பேசும்போது அதையும் கணக்கில் சேருங்கள். 50 வருடம் தாண்டிய வண்டி என்றால் விஏ என்று தனி நம்பர் வரிசை இருக்கிறது, அதற்கு 20,000 ரூபாய், ஆனால் தினமும் ஓட்ட முடியாது. சத்தம் அனுப்புவதெல்லாம் அப்புறம், முதலில் பேப்பர்.

அம்மாபேட்டை அம்பாசிடர்:

ஹெரால்டு அண்ணா, நீங்கள் சொல்வது எல்லாம் சரி. ஆனால் போகிறவர்கள் பொறுப்பில்லாமல் போகிறார்கள் என்பது போல எழுதியிருக்கிறீர்கள், அதை மட்டும் ஒத்துக்கொள்ள முடியாது. நான் ஊரை விட்டுப் போனவர்கள் பக்கம். ஜெர்மனியில் வேலை, விசா கைக்கு வந்த நாளிலிருந்து 23 நாள்தான். வீடு காலி செய்ய வேண்டும், பையன் டிசி வாங்க வேண்டும், அதற்கு நடுவில் நாலு வண்டி. அந்த நாளில் எனக்கும் ஓடிபி ஞாபகம் வந்திருக்காது.

எனக்கு இன்னும் கண்ணில் நிற்பது ஒரு புரோக்கர் கொண்டு வந்த காந்தம். துணியில் சுற்றிய சின்னக் காந்தம், அடிபட்ட இடத்தை நிரப்பப் பூசும் பட்டி எங்கே போட்டிருக்கிறது என்று பார்க்க. அப்பாவின் அம்பாசிடரில் கதவு கதவாக ஒட்டிக்கொண்டே வந்தார். எல்லா இடத்திலும் டக் டக்கென்று பிடித்தது. பின்பக்க இடது மட்கார்டில் மட்டும் பிடிக்காமல் நழுவிக் கீழே விழுந்தது. "இங்க அடி வாங்கியிருக்கு சார், அஞ்சாயிரம் குறைச்சுக்கலாம்." அது எனக்குத் தெரியாதா? குப்பனூர் ரோட்டில் அப்பா எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது ரிவர்ஸில் மைல்கல்லில் நான் இடித்த இடம். அப்பா இறங்கிப் பார்த்துவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை, "சரி, மறுபடி எடு" என்றார். நான் புரோக்கரிடம் ஒன்றும் சொல்லாமல் ஐயாயிரம் குறைத்துக்கொண்டேன். மூன்று வருடம் கழித்துத் திரும்பி வந்துவிட்டேன், வண்டி எடைக்குப் போய்விட்டது என்று கேள்விப்பட்டேன். ஐயாயிரத்துக்காக இல்லை, அந்த இடத்தைக் கோளாறு என்று நான் ஒத்துக்கொண்டேனே, அதுதான்.

பத்மினி தம்பி, அவரிடம் சொல்லிவிடு. பதில் போடாததற்கு அதே சத்தம் மறுபடி வந்ததுதான் காரணம், வேறென்ன இருக்கப் போகிறது.

ஐந்து ரோடு மெக்கானிக்:

போனில் கேட்டு டேப்பட் கண்டுபிடிப்பது நடக்காத காரியம் என்று எழுத வந்தேன், எழுதி அழித்துவிட்டேன். சொந்த வண்டி என்றால் தெரியும். என்னிடம் ஒருவர் கரண்ட் போன ராத்திரியில் ஏழெட்டு வண்டிச் சாவியைத் தடவியே எது எதற்கு என்று பிரித்துக் கொடுத்தார், அவரும் அடுத்த வாரம் சிங்கப்பூர் போகிறவர்தான். கடைசிச் சாவியை மட்டும் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார், நான் கேட்கவில்லை.

ஈரத்துணி பற்றி ஒன்று. பத்மினியில் பம்ப் இன்ஜினோடு ஒட்டி இருக்கிறது, மலை ஏறும்போது சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிடும், பம்ப் ஆவியைத்தான் இழுக்கும், வண்டி நின்றுவிடும். துணி சுற்றுவது அந்த நேரத்துக்குச் சரி. ஆனால் இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய வண்டியின் ரப்பர் ஓஸ், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு இதெல்லாம் அதற்காகச் செய்யப்பட்டவை இல்லை, ஊறிப்போகும். ஓஸை மாற்றுங்கள், நிறுத்தி வைக்கிற வண்டியில் டேங்கில் மாதக்கணக்காகப் பெட்ரோல் விடாதீர்கள், எத்தனால் தண்ணீரை இழுக்கும், டேங்க் உள்ளே துரு பிடிக்கும். மலைக்கு அடிக்கடி போகிறவர்கள் டேங்க் பக்கத்தில் எலெக்ட்ரிக் பம்ப் வைத்துவிடலாம், நான் நிறைய வண்டிக்கு வைத்திருக்கிறேன், துணியே வேண்டாம். இறங்கும்போது செகண்ட் கியரிலேயே வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், போன மாதம்கூட அடிவாரத்தில் பிரேக் புகையோடு ஒரு வண்டி பார்த்தேன்.

ஒண்டிக்கடை அக்கா:

எங்கள் வீட்டில் விற்காமல் போனார்கள். தம்பி ஆஸ்திரேலியா, வண்டி மாருதி 800, இங்கே ஏற்காட்டில் ஷெட்டில் நிற்கிறது. அம்மாவுக்கு ஓட்டத் தெரியாது. தம்பி சொல்லிவிட்டுப் போனபடி ஞாயிற்றுக்கிழமை காலையில் நியூட்ரலா என்று மூன்று தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, சாவியைத் திருகி, ஒரு டம்ளர் காபி குடித்து முடிக்கிற நேரம் ஓட விட்டு நிறுத்துவார். பனிக்காலத்தில் புகை ஷெட் முழுக்க நிற்கும், கதவைத் திறந்து வையுங்கள் என்று நான் கத்துவேன். விற்றவர்கள் வருத்தப்படுவதைப் படித்தேன். விற்காதவர்கள் வீட்டில் இப்படி இருக்கிறது.

அஸ்தம்பட்டி பத்மினி:

எல்லோருக்கும் நன்றி. ஆர்சி என் பெயருக்கு அப்போதே மாற்றினேன் ஹெரால்டு அண்ணா, ஆத்தூர்க்காரர் பெயருக்கும் மாறிவிட்டது. நேற்று அவரைக் கூப்பிட்டு, ஒரு காலை வந்து முதல் ஸ்டார்ட்டை ரெக்கார்ட் பண்ணிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். தாராளமாக வாங்க என்றார். வண்டி இப்போது மலையில் எங்கேயும் நிற்பதில்லை, மெக்கானிக் அண்ணன் சொன்ன மாதிரியே எலெக்ட்ரிக் பம்ப் போட்டுவிட்டேன் என்று சந்தோஷமாகச் சொன்னார். சாவியைப் போட்டதும் முதலில் பின்னாலிருந்து பம்ப் டிக் டிக்கென்று அடிக்குமாம், அதற்கப்புறம்தான் இன்ஜின். அனுப்பினால் முதல் நொடியிலேயே கனடாவில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும். அதனால் ரெக்கார்டிங்குக்கு முன்னால் நானே போன் பண்ணிச் சொல்கிறேன். அங்கே இப்போது ராத்திரி, விடியட்டும்.