ஒரே சபையில் இரண்டு போதகர்கள்: உங்கள் அனுபவம்?

குளத்துமேடு
மூன்று வருடம் முன்னால் பாளையங்கோட்டையில் அப்பா தவறிட்டார். விசா சிக்கல், போக முடியவில்லை. இங்கே மாசசூசெட்ஸில் எங்கள் யூனிட்டேரியன் சபையின் (திரித்துவத்தை ஏற்காமல் கிறிஸ்தவத்தில் கிளைத்த மரபு) துணைப் போதகர் மூன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார். அப்பா பெயரில் ஒரு ழகரம் உண்டு. நாக்கை எப்படி மடிக்கணும்னு கேட்டுக் கேட்டு, அந்தப் போதகர் அம்மா அதைப் பிடித்துவிட்டார்.

நினைவு வழிபாட்டையும் அவர்தான் நடத்துவார் என்றிருந்தேன். வெள்ளிக்கிழமை மூத்த போதகர் போன் செய்தார்: "இதெல்லாம் எப்பவும் நான்தான் செய்வேன்." இருபது வருடமாக இருப்பவர். சரி என்றுவிட்டேன்.

சனிக்கிழமை மூத்தவர் தீக்கிண்ணம் (எங்கள் வழிபாட்டில் ஏற்றும் சுடர்க் கிண்ணம்) ஏற்றினார், நன்றாகவே பேசினார். அப்பா பெயர் வந்ததும் தடுமாறி யாரோ ஒருவர் பெயரைப் போல் சொன்னார். மூன்றாம் வரிசையில் துணைப் போதகரின் உதடு மட்டும் அசைந்தது. சத்தமே இல்லாமல் அப்பா பெயரைச் சரியாகச் சொன்னார். பார்த்தது நான் ஒருவன்தான். அடுத்த ஜூனில் அவர் வேறு சபைக்குப் போய்விட்டார். நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஆற்றங்கரை
பழியை மூத்தவர் தலையில் மட்டும் போடாதீங்க. அந்தத் துணைப் போதகர் சபை ஓட்டுப் போட்டு அழைத்தவரா, நிர்வாகக் குழு ஒப்பந்தத்தில் அமர்த்தியவரா? ஒப்பந்தம் என்றால் அவர் மூத்தவருக்குக் கீழேதான். நமக்கு மேலே பிஷப் இல்லை, எல்லாம் உறுப்பினர் கையில். பொறுப்பும் நமக்குத்தான்.

என் கதை வேறு. துணைப் போதகரின் பிரசங்கம் பிடிக்காமல், காபி நேரத்தில் மூத்தவரிடம் புகார் சொல்லப் போனேன். "அவர்கிட்ட சொன்னீங்களா?" இல்லை என்றேன். கோப்பையை வைத்துவிட்டு "வாங்க" என்று நடந்தார். நடைக்கோடியில் இருந்த அறைக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, என்னை உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். நிமிர்ந்து பார்த்த துணைப் போதகரின் முகத்தில் பயம். எனக்கு முன்னால் எத்தனை பேர் அவர் முதுகுக்குப் பின்னால் போய்ப் பேசியிருக்கணும்!

செம்மண்
நான் ஊரில் பிஷப் உள்ள திருச்சபையில் வளர்ந்தவன். அங்கே இரண்டு பாதிரி ஐயருக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் மாறுதல் உத்தரவு வரும், முடிந்தது. ஆற்றங்கரை சொல்வதுபோல் எல்லாம் சபை கையில் என்றால், அந்தப் பயத்துக்கும் சபைதானே காரணம்?

மேப்பிள்நிழல்
எங்கள் சபையில் ஒரே ஞாயிறுக்கு இருவரும் பிரசங்கம் தயாரித்து வந்து நின்றார்கள். இளையவர் தாள்களை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். என் கதை அவ்வளவுதான்.

இரண்டாமவர் வருவதற்கு முன்பே எழுதி வையுங்கள்: மாதம் எத்தனை ஞாயிறு யாருக்கு, ராத்திரி ஆஸ்பத்திரி அழைப்புக்கு யார் ஓடுவது, இரண்டாமவர் வேலையை யார் மதிப்பிடுவது. நினைவு வழிபாட்டுக்கு யார் என்பதைக் குடும்பம் சொல்லட்டும். பெயர்ப்பலகையில் எழுத்து ஒரே அளவில் இருக்கட்டும். பழைய விஷயம்தான் இது. 1648-லேயே நியூ இங்கிலாந்து சபைகளின் ஒழுங்கு ஆவணமான கேம்பிரிட்ஜ் பிளாட்பார்ம், மேய்ப்பர், போதனையாளர் என்று இரண்டு பொறுப்பாகப் பிரித்து, அறிவுரை ஒருவருக்கு, கோட்பாடு ஒருவருக்கு என்று எழுதியது. பாஸ்டனில் யூனிட்டேரியன் போதகர் சானிங்குக்குத் துணையாக 1824-இல் கேனட் வந்தார். 1842-இல் சானிங் இறக்கும்வரை பதினெட்டு வருடம் ஒன்றாக இருந்தார்கள். அதே ஊரில், பின்னால் எழுத்தாளராகப் பேர்பெற்ற எமர்சன் 1829-இல் ஹென்றி வேர் என்ற போதகருக்குத் துணையாக வந்தார். வேருக்கு உடம்பு முடியவில்லை, பாரம் முழுக்க சீக்கிரமே எமர்சன் தோளில். 1832-இல் இராப்போஜனச் சடங்கை (அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து) நடத்த மனம் ஒப்பாமல் விலகிவிட்டார். ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை இருவரையும் உட்காரவைத்து, வெளியாள் ஒருவர் முன்னால் பேசவிடுங்கள். சம்பளப் பேச்சை அந்த நாளில் எடுக்காதீர்கள்.

குளத்துமேடு
ஆற்றங்கரை, ஒப்பந்தம்தான். மேப்பிள்நிழல், எழுதி வைத்திருந்தாலும் அந்த வெள்ளிக்கிழமை நான் அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருப்பேனா? "அவங்களே செய்யட்டும்" என்று ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. நேற்று ராத்திரி அந்த அம்மாவுக்கு எழுதினேன், அன்றைக்கு உதடு அசைந்ததைப் பார்த்தேன் என்று. அப்பா பெயரை மட்டும் தமிழில் எழுதினேன். இன்னும் பதில் வரவில்லை.