குத்தகை வயலில் எலித் தொல்லை, கிட்டி (மூங்கில் எலிப்பொறி) வைக்கத் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். மன்னார்குடி பக்கம் 3 மா நிலம் (ஏறக்குறைய ஒரு ஏக்கர்) குத்தகைக்கு எடுத்து சம்பா நட்டிருக்கிறேன், பயிர் பொதி கட்டும் (கதிர் வெளியே வருவதற்கு முந்தைய) நேரத்தில் எலி புகுந்துவிட்டது. தூரைக் கத்தியால் அரிந்த மாதிரி சாய்வாக வெட்டிப் போட்டிருக்கிறது.

நேற்று விடிந்ததிலிருந்து இருட்டும் வரை வயல்தான். முதலில் வரப்பைச் செதுக்கி ஒடுக்கினோம், அகல வரப்பு எலிக்கு நாமே வீடு கட்டிக் கொடுப்பது போலத்தான். அப்புறம் வளை தேடினோம். வாயில் ஈர மண் புதிதாகத் தள்ளியிருந்த வளைகளை மட்டும் வெட்டியதில் 11 சிக்கியது, பெரியது ஒன்று பின்வாசல் வழியாக ஓடியே போய்விட்டது.

விஷம் வைக்க மனமில்லை, செத்த எலியைத் தின்று ஆந்தையும் பக்கத்து வீட்டு நாயும் செத்துப் போகும். தஞ்சாவூர் கிட்டி வைக்கலாம் என்றிருக்கிறேன். மாவுக்கு எத்தனை வைக்க வேண்டும், வரப்போரமா நடு வயலிலா? மாலையில் வைத்து விடியலில் எடுக்கிற ஆட்கள் இப்போதும் வருகிறார்களா, எலிக்கு இவ்வளவு என்று கூலியா? ஆந்தை உட்கார குச்சி நட்டுப் பலன் பார்த்தவர்களும் சொல்லுங்கள். குத்தகை நிலத்துக்கு இவ்வளவு செலவா என்று வீட்டில் திட்டு வேறு.