பட்டுப் பெப்டைடு: தண்ணீரில் போட்டதுமே கட்டியாகிறது, வரிசையில் தப்பா?

தறிவீட்டுப்பெண்:
மதுரையில் எம்.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வீடு கைத்தறி நகர்ப் பக்கம், அப்பா பட்டு நெய்கிறார். அவர் நெய்யும் இழையில் திரும்பத் திரும்ப வரும் துண்டு கிளைசின்-அலனைன்-கிளைசின்-அலனைன்-கிளைசின்-செரின். அதை இரண்டு முறை அடுக்கி, கடைசியில் மூன்று குளூட்டாமிக் அமிலம் சேர்த்து ஒரு பெப்டைடு (அமினோ அமிலங்கள் கோத்த குட்டிச் சங்கிலி) வடிவமைத்தேன். குளூட்டாமிக்குகளில் எதிர்மின்சுமை இருக்கும்வரை சங்கிலிகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு கரைந்தே இருக்கும். அமிலம் விட்டுச் சுமையைக் குறைத்தால் பட்டுத் துண்டுகள் நெருங்கி, பீட்டா ஷீட்டாக (பக்கம் பக்கமாக ஒட்டிய தகடாக) அடுக்கி, இழையாகி, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு ஜெல் ஆக வேண்டும். புண்ணின் மேல் போடும் ஜெல்லாக அதைக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

முதல் தொகுதி, ஒரு மில்லிக்கு 10 மில்லிகிராம், தெளிவாகக் கரைந்தது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் சொட்டுச் சொட்டாக விட்டால் மேலே வெள்ளைத் திரி, அடியில் வெறும் தண்ணீர். இரண்டாம் தொகுதி இன்னும் மோசம். அமிலமே விடவில்லை, தண்ணீர் ஊற்றியதும் கட்டி. மீயொலியால் குலுக்கும் சோனிகேட்டரில் வைத்தேன், கட்டி பெரிதானதுதான் மிச்சம். மூலக்கூறின் எடையைக் காட்டும் மாஸ் ஸ்பெக்கில் இரண்டுக்கும் ஒரே எடை. ஐ.ஆரில் (அகச்சிவப்பு நிறமாலையில்) 1625 செ.மீ.⁻¹ அருகே பீட்டா ஷீட், கூடவே 1673இல் ஒரு கூரிய உச்சி. சங்கிலி எங்கோ திரும்புகிறது போல. வரிசையை மாற்றச் சொல்கிறார்கள். எனக்கு மனமில்லை.

நாகமலை:
வரிசையில் கை வைக்காதீர்கள். அந்த 1673 பெரும்பாலும் உங்கள் பெப்டைடே இல்லை, டிரைஃப்ளூரோஅசிட்டிக் அமிலம். பெப்டைடைக் கட்டும் ரெசின் மணிகளிலிருந்து வெட்டி எடுக்கவும் எச்.பி.எல்.சி. என்ற பிரிப்புக் கருவியில் சுத்தம் செய்யவும் பயன்படுத்துவார்கள், பொடியோடு ஒட்டிக்கொண்டு வரும். இது, சங்கிலியின் வடிவத்தைக் காட்டும் அமைடு-1 பட்டைக்குள்ளேயே உட்காருவதால் பலரும் 'திருப்பம்' என்று படித்து ஏமாறுகிறார்கள். நானும் ஓர் ஆண்டு ஏமாந்தேன்.

இரண்டு தொகுதிகளும் எந்த உப்பாக வந்தன என்று தாளைப் பாருங்கள். தண்ணீரில் போட்டதும் பி.எச். அளந்தீர்களா? 3க்குப் பக்கம் இருந்தால் குளூட்டாமிக்குகள் அப்போதே சுமையை இழந்திருக்கும். தராசில் வைத்த 10 மில்லிகிராமும் முழுக்கப் பெப்டைடு இல்லை, அதில் அமிலமும் ஈரமும் உண்டு. சோனிகேட்டர் வேண்டாம். பட்டுப் புரதக் கரைசலை ஜெல்லாக்கவே அதைப் பயன்படுத்துகிறார்கள்!

வைகைக்கரை:
மேலே சொன்னது சரி. பொடியை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடில் பி.எச். 8.5க்குக் கொண்டுவந்து கரையுங்கள். அப்புறம் 500 டால்டனுக்குக் கீழான சிறு மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் டயாலிசிஸ் பையில் போட்டு அமிலத்தை வெளியேற்றுங்கள். உங்கள் பெப்டைடு 1,200 டால்டன் வரும், பைக்குள்ளேயே நிற்கும்.

அந்த வெள்ளைத் திரிக்குக் காரணம் வேறு. சொட்டு விழுந்த இடத்தில் மட்டும் பி.எச். சடாரென்று இறங்குகிறது, கலக்குவதற்குள் அங்கே கட்டிவிடுகிறது. குளுக்கோனோ டெல்டா லாக்டோன் போடுங்கள், டோஃபு உறையவைக்கப் பயன்படுத்துவார்களே, அதே பொடி. கரைந்த பிறகு மெதுவாக நீராற்பகுப்பு ஆகி குளுக்கோனிக் அமிலமாகும். குப்பி முழுக்க ஒரே சீராக இறங்கும். பட்டுப்புழுவும் இதைத்தான் செய்கிறது. சுரப்பியின் நீளத்தில் பி.எச். சுமார் 8இல் தொடங்கிப் படிப்படியாக 6 அருகே வருகிறது.

தறிவீட்டுப்பெண்:
பார்த்தேன். முதல் தொகுதி அம்மோனியம் உப்பு, இரண்டாவது டிரைஃப்ளூரோஅசிட்டேட். தாளிலேயே இருந்திருக்கிறது. பி.எச். 2.9.

லாக்டோன் விஷயத்தை வீட்டில் சொன்னபோது அப்பா உடனே பிடித்துக்கொண்டார். பட்டுக்குச் சாயம் ஏற்றும்போது அசிட்டிக் அமிலத்தை ஒரேயடியாக ஊற்றினால் சாயம் திட்டுத் திட்டாக ஏறிவிடும், சிறுகச் சிறுகத்தான் விட வேண்டும் என்றார். சாயத் தொட்டியருகே நின்று அதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். ஆய்வகத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

டயாலிசிஸ் இரண்டு நாள் ஆனது. 1673 போய்விட்டது, 1625 இருக்கிறது. தெளிந்த கரைசலில் ஒரு மில்லிக்கு 5 மில்லிகிராம் லாக்டோன் போட்டு இரவு அப்படியே விட்டேன். காலையில் குப்பியைக் கவிழ்த்தேன், விழவில்லை. கண்ணாடி மாதிரித் தெளிவு இல்லை, இளநீர் வழுக்கை போல லேசான மங்கல். ஆனால் ஒரே சீர், ஒரு திரிகூட இல்லை. இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

ஒரு கவலை மிச்சம் இருக்கிறது. ஜெல்லின் பி.எச். இப்போது 4.6, செல்களுக்கு 7.4 வேண்டும். அங்கே குளூட்டாமிக்குகள் மறுபடி தள்ள ஆரம்பித்துக் கரைந்துவிடுமோ என்று பயம். கால்சியம் அயனி இரண்டு குளூட்டாமிக்குகளைச் சேர்த்துப் பிடிக்கும் என்பதால், கால்சியம் குளோரைடு கலந்த 7.4 கரைசலை ஒரு குப்பியிலும், கால்சியம் இல்லாததை இன்னொன்றிலும் ஜெல்லின் மேல் ஊற்றி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை இரண்டையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.