எக்செல்லில் என் ஒளி ஆயிரம் மடங்கு மெதுவாகப் போகிறது, யாராவது பாருங்களேன்

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
வணக்கம். டர்பனில் சனிக்கிழமை தமிழ் வகுப்பு எடுக்கிறேன். விநாடி, நிமிடம், மணி, நாள், ஆண்டு என்று ஒவ்வொன்றிலும் ஒளி எவ்வளவு தூரம் போகும் என்று சுவரில் ஒட்ட ஓர் அட்டவணை செய்கிறேன். ஒளியின் வேகத்தை (விநாடிக்கு இத்தனை கி.மீ.) 299792.458 என்று அடித்து 60-ஆல் பெருக்கினால் ‘வேல்யூ’ என்று பிழை வருகிறது. சரி, முழு எண்ணாகவே போடுவோம் என்று ஓர் இணையப் பக்கத்திலிருந்து 299,792 என்று நகலெடுத்து ஒட்டினேன். பிழை போய்விட்டது. ஆனால் நிலாவிலிருந்து ஒளி வர 21 நிமிடமும் சூரியனிலிருந்து வர ஐந்தே முக்கால் நாளும் ஆகும் என்கிறது! மடிக்கணினி புதிது, இங்கேயே வாங்கியது.

மாரிட்ஸ்பர்க் மாமா:
செல்லை ‘நம்பர்’ ஃபார்மட்டுக்கு மாற்றிப் பாருங்கள்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
மாற்றினேன் மாமா, அதே கதைதான். ஒரு நிமிடத்துக்கு 17987,52 என்று வருகிறது.

ஜோபர்க் கணக்கக்கா:
அந்தக் காற்புள்ளிதான் தம்பி குற்றவாளி. தென்னாப்பிரிக்க அமைப்பில் விண்டோஸுக்குத் தசமக் குறி காற்புள்ளி. ஆயிரத்தைப் பிரிப்பது வெறும் இடைவெளி. உங்கள் பள்ளிக்கூடக் கணக்குப் புத்தகத்திலும் அப்படித்தானே இருக்கும்? புள்ளி வைத்து அடித்ததை எக்செல் எண்ணாகவே மதிக்கவில்லை, எழுத்து என்று நினைத்துவிட்டது. செல்லின் இடது ஓரமாக ஒட்டிக்கொண்டு நின்றிருக்குமே, அதுதான் அடையாளம். 299,792 என்று ஒட்டியதை 299-உம் சொச்சமும் என்று எடுத்துக்கொண்டது. மதுரையிலிருந்து வந்த புதிதில் ஒரு பில்லில் இதே குழியில் நானும் விழுந்திருக்கிறேன்.

299792,458 என்று அடித்தால் போதும். புள்ளிதான் வேண்டும் என்றால் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய் ‘யூஸ் சிஸ்டம் செப்பரேட்டர்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டு, தசமத்துக்குப் புள்ளி, ஆயிரத்துக்குக் காற்புள்ளி என்று மாற்றுங்கள். ஆனால் பழைய செல்லை அழித்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். உள்ளே இருப்பது இன்னும் அந்த 299 சொச்சம்தான்.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
அக்கா, வேலை செய்கிறது! நிலாவுக்கு 1.28 விநாடி, சூரியனுக்கு 499 விநாடி, அதாவது 8 நிமிடம் 19 விநாடி. நிமிடத்துக்கு 1.8 கோடி கி.மீ., மணிக்கு 108 கோடி, நாளுக்கு 2,590 கோடி. (பிள்ளைகளுக்குக் கோடி புரியாது, மில்லியனில்தான் எழுத வேண்டும்.) ஆனால் ஆண்டு மட்டும் இடிக்கிறது. எனக்கு 9.454 லட்சம் கோடி வருகிறது, எங்கே பார்த்தாலும் 9.461 என்று இருக்கிறது. இதுவும் காற்புள்ளி வேலையா?

ஜோபர்க் கணக்கக்கா:
இல்லை, 365-ஆல் பெருக்கியிருப்பீர்கள். வானியலாளர்கள் ஒளியாண்டுக்கு எடுப்பது 365.25 நாள். கால் நாள்தானே என்று விடாதீர்கள், அதற்குள் ஒளி 647 கோடி கி.மீ. ஓடிவிடும். சூரியனிலிருந்து நெப்டியூனே சுமார் 450 கோடிதான்.

கரூ ராத்திரி:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், வாத்தியாரே. அட்டவணையில் ஒரு நட்சத்திரமும் போடுங்கள், இந்த ஊருக்கு அதில் உரிமை உண்டு. தெற்குச் சிலுவை விண்மீன் கூட்டத்தைக் காட்டும் இரண்டு விண்மீன்களில் பளிச்சென்று இருப்பது ஆல்ஃபா செண்டாரி. அதன் தூரத்தை அறியும் அளவீடுகளை 1832-33-இல் எடுத்தவர் கேப் டவுன் வானாய்வகத்தில் இருந்த தாமஸ் ஹெண்டர்சன். மனிதர் 1839 வரை வெளியிடவில்லை. அதற்குள் 1838-இல் வேறொரு விண்மீனின் தூரத்தைச் சொல்லி ஜெர்மனியின் பெசல் முந்திக்கொண்டார். ஆல்ஃபா செண்டாரியின் கூட்டாளி விண்மீன் பிராக்சிமாவை 1915-இல் கண்டுபிடித்த ராபர்ட் இன்னஸ், ஜோஹனஸ்பர்க்கில் வேலை பார்த்தவர். சூரியனை விட்டால் நமக்கு மிகப் பக்கத்து விண்மீன் அதுதான், 4.24 ஒளியாண்டு.

சாட்ஸ்வொர்த் வாத்தியார்:
சேர்த்துவிட்டேன்: 40 லட்சம் கோடி கி.மீ. அந்த செல்லில் வெறும் வேலிக்குறிகளாக (####) வந்தது, பத்தியை இழுத்து அகலமாக்கியதும் எண் தெரிந்தது. திங்கள்கிழமை பிரிண்ட்.

ஜோபர்க் கணக்கக்கா:
ஆண்டு வரிசையின் ஓரத்தில் 365.25 என்று சின்னதாகக் குறித்துவிடுங்கள். ஏதாவது ஒரு வாண்டு கால்குலேட்டரோடு வரும்.