வன்னிக் குளங்கள் பற்றிய ஆய்வு: உசாத்துணைக்கு உதவி தேவை

வணக்கம் அண்ணாமார், அக்காமார். வவுனியாவில் இறுதியாண்டு படிக்கிறேன். வன்னிக் குளங்களின் சிறுபோக (வறண்ட காலப் பயிர்ச்செய்கை) நீர்ப்பங்கீடு பற்றி ஆய்வு. கூகுள் ஸ்கொலரில் முத்தையன்கட்டு என்ற குளத்தின் பெயரைத் தேடினால், ஆங்கில எழுத்துக்கூட்டல் ஆளுக்கொரு மாதிரி. எல்லாவற்றையும் போட்டுப் பார்க்கத்தான் வேண்டும். 1895இல் லூயிஸ் எழுதிய வன்னி மாவட்டக் கையேடு கிடைத்துவிட்டது. நூலகம் என்ற இணையத்தளத்தில் பழைய சிறப்பு மலர்களும் எடுத்தேன்.

தலையிடி உசாத்துணை எழுதும் ஏபிஏ (APA) முறைதான். எங்கடை ஆட்களுக்குக் குடும்பப்பெயர் இல்லையே, தகப்பன் பெயரின் முதலெழுத்தை எங்கே போடுவது? கோயில் மலர்க் கட்டுரையில் எழுதியவர் பெயரே இல்லாவிட்டால்? கமக்கார அமைப்புத் தலைவர் சொன்னதை உரைக்குள் மட்டும் காட்டவேண்டும், பட்டியலில் வராது. பாதி ஆய்வு அவர் வாயில்தான் இருக்கிறது! பின்னிணைப்பில் நேர்காணலை முழுதாகச் சேர்த்தால் சரியா?

நீர்ப்பாசனத் திணைக்களப் பழைய அறிக்கைகள் வைத்திருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாங்கோ.